வகுப்பறையில் வாய்ப்பூட்டு

பேச்சுரிமையைப் பெறுவதற்காக நமது தேசம் பட்ட பாட்டை நேயர்கள் நன்கறிவார்கள். 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைப்பதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. 1910-ல் பத்திரிகைகளிடம் ஜாமீன் கேட்கும் சட்டம் வந்தது. 1919-ல் ரௌலட் சட்டம் வந்தது. மேடையேறி நாலு வார்த்தை பேசியதற்காகவே சிறை புகுந்தவர்கள் நம் நாட்டில் எண்ணிறந்தவர். அச்சட்டங்களெல்லாம் போயொழிந்தன. 1950-ம் வருஷத்தில் அமுலுக்கு வந்த நமது அரசியல் சாசனம், தன் 19-வது ஷரத்தில், பேச்சுரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் உரியதாக்கிற்று. ஆனால் எந்தச் சட்டசபையும் செய்யாத, ஆகையால் எந்தச் சட்டசபையாலும் எளிதில் ரத்துச் செய்ய முடியாத வாய்ப்பூட்டு ஒன்று இன்னும் நம்மிடையே இருந்துவருகிறது. அது நமது பாடசாலைகளில், படிக்க வந்த குழந்தைகளின் வாயில் மாட்டப்பட்டிருக்கிறது.

இது மிகைப்படுத்திய பேச்சு என்று எண்ணுவோர், தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று ஒரு மணி நேரம் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பார்களாக. உபாத்தியாயர் பேசுவார், கரும்பலகையில் எழுதுவார், மாணாக்கர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இடையிடையே உபாத்தியாயர், "புரிந்ததா?" என்று கேட்பார். "புரிந்தது, சார்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லும். பாடம் மேலே நடக்கும். அந்த ஒரே குரலுக்குள் எத்தனை குழந்தைகளுடைய திகைப்பு மறைந்து கிடக்கிறதென்று யார் அறிவார்? புரிந்ததா என்பது உண்மையில் கேள்வியே அன்று. அதற்கு ஒரு விடைக்குத்தான் இடமுண்டு. இல்லை என்று சொல்லத் துணியும் சிறுவன் தன்னை மந்தன் என்று நாற்பது பேர் நடுவில் தானே பறைசாற்றிக்கொண்டவனாவான். ஆகவே அவன் மற்றவர்களோடு சேர்ந்து கூவிவிட்டு மௌனமாகிறான். உபாத்தியாயர் சொல்லியாயிற்று என்று திருப்தியடைகிறார். மாணாக்கன் தப்பித்தோம் என்று திருப்தியடைகிறான். கல்வி மட்டும் நடைபெறவில்லை.

சொல்லுதல் வேறு, சொல்லியது சென்று சேர்தல் வேறு. இந்த வேற்றுமையை மேல்நாட்டுச் சாஸ்திரங்கள் வந்துதான் நமக்குக் கற்பிக்கவேண்டுமென்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூலே ஆயினும், இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியன் எப்படிச் சொல்லவேண்டும், மாணாக்கன் எப்படிக் கேட்கவேண்டும் என்பவற்றை விரித்துரைக்கிறது. ஆசிரியராகத் தகாதவரை அந்நூல் நான்கு பொருள்களுக்கு ஒப்பிடுகிறது. கழற்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வாரா. முன்னும் பின்னுமாய் உருளும். அவ்வாறே முறையின்றிக் கொட்டுபவர் ஒருவர். மடல் சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது. அது தானே உதிர்த்தால்தான் பழம். அவ்வாறே, கேட்பவரை அணுகவிடாமல் தாம் நினைத்தபோது தருபவர் ஒருவர். பஞ்சடைத்த குண்டிகையில் புகுத்துவதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். சிரமப்பட்டுக் கற்று, சிறிது சிறிதாகப் பிறருக்கு ஈபவர் ஒருவர். ஒருவர் நீர் வார்க்க மற்றொருவர் முற்றத்தில் காயுதிர்க்கும் வளைந்த தென்னையைப் போன்றவர் மற்றொருவர். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்நான்கு உவமைகளில் ஒன்றேனும் பழமையாகிவிட்டதென்று சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

அதே நூலில் இதனினும் முக்கியமான கணக்கொன்று உண்டு. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அதனால் அவனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் பங்கு. தான் அறிந்ததைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதால்தான் மற்ற அரைப் பங்கும் வந்து புலமை நிறைவெய்துகிறது. இந்தக் கணக்கை நேயர்கள் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். முக்கால் பங்கு கல்வி மாணாக்கனுடைய நாவின் வழியாகவே வருகிறதென்றால், அவன் நாவைப் பூட்டி வைத்திருக்கும் வகுப்பு என்ன கொடுக்கிறது? மிகச் சிறந்த உபாத்தியாயர் மிகச் சிறப்பாகப் போதித்தாலும் கால் பங்குதான் கொடுக்கிறது. அந்தக் கால் பங்கையே முழுக் கல்வியென்று கொண்டு நாம் பரீட்சை நடத்துகிறோம், பட்டம் வழங்குகிறோம்.

"பேசாதே, கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பது நமது பரம்பரைப் பணிவல்லவா? குழந்தைகளைப் பேசவிட்டால் ஒழுங்கு என்னாவது?" என்று கேட்பாரும் உளர். பணிவு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணிவு வேறு, பயம் வேறு. கற்றாரிடம் பணிந்து ஐயம் கேட்பதே பணிவின் லட்சணம். ஐயத்தை விழுங்கிவிட்டு அஞ்சி நிற்பது பணிவாகாது. பிரம்படி குழந்தைகளை அமைதியாக வைத்திருக்கிறதென்பது மெய்யே. சிறையிலும் அமைதி இருக்கத்தான் செய்கிறது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் அமுலிலிருக்கும் குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-வது பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையையும் விலக்கியிருக்கிறது. 29-வது பிரிவிலோ, அச்சமும் கலக்கமும் குழந்தையை விட்டு அகலவேண்டும், அது தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆக, வகுப்பில் குழந்தை வாய் திறப்பது உபாத்தியாயர் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. இச்செய்தி எத்தனை பாடசாலைகளின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே சென்றிருக்கிறது?

பயம் போனால் மட்டும் போதுமா? போதாது. பேசுவதற்குப் பாஷை வேண்டும். காந்தியடிகள் தமது சுயசரிதையில் சொல்லும் ஒரு விஷயத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ராஜ்கோட்டில் அவர் நான்காம் வகுப்பில் படித்தபோது பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில் நடந்தன. க்ஷேத்திர கணிதம் அவருக்குப் புதிய பாடம். உபாத்தியாயர் நன்றாகவே போதித்தார். ஆனால் பையனால் தொடர முடியவில்லை. மறுபடியும் மூன்றாம் வகுப்புக்கே போய்விடலாமா என்றுகூட அவர் மனம் தளர்ந்தார். தமது உழைப்பை நம்பி மேல் வகுப்புக்கு அனுப்பிய உபாத்தியாயருக்கு இழுக்கு வருமே என்ற எண்ணந்தான் அவரைத் தடுத்து நிறுத்தியது. யூக்ளிடின் பதின்மூன்றாவது சித்தாந்தத்தை அடைந்தபொழுதுதான் அப்பாடம் எவ்வளவு எளியதென்பது அவருக்குத் திடீரென்று விளங்கிற்று. பல்லாண்டுகள் கழித்து, 1938-ல், 'ஹரிஜன்' பத்திரிகையில் அவர் இதைக் குறித்து எழுதினார். கணிதம், ரசாயனம், வான சாஸ்திரம் முதலியவற்றில் தாம் நான்கு வருஷங்களில் கற்றதைக் குஜராத்தியில் போதித்திருந்தால் ஒரே வருஷத்தில் எளிதாகக் கற்றிருக்கலாம் என்பது அவர் முடிவு.

இந்த வரலாற்றில் உபாத்தியாயர் கெட்டவரல்லர், மாணாக்கர் மந்தரல்லர், பாடம் கடினமானதன்று. மூன்றும் நன்றாயிருந்தும் நடுவில் ஒரு சுவர் நின்றது. அதுவே அந்நிய பாஷையென்னும் சுவர். காந்தியடிகள் உழைப்பினால் அச்சுவரை ஏறிக் குதித்தார். ஏற முடியாமல் அடியிலேயே உட்கார்ந்துவிட்ட ஆயிரமாயிரம் சிறுவர் சிறுமியரின் சுயசரிதையை எழுத எவரும் இல்லை.

1835-ல் மெக்காலே தமது குறிப்பை எழுதிய நாள் தொட்டு இச்சுவர் வளர்ந்துவருகிறது. பாரதியார் தேசீயக் கல்வியைப் பற்றி எழுதியபோது தாய்மொழியில் போதிப்பதையே அதன் உயிராகக் கொண்டார். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு தாய்பாஷையே போதனா மொழியாக வேண்டுமென்று தீர்மானித்தது. 1953-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் வெளியிட்ட அறிக்கையும் குழந்தைக்குக் கற்பிக்கத் தாய்மொழியே தலைசிறந்ததென்று கூறிற்று. மேலே சொன்ன 2009-ம் வருஷத்துச் சட்டமும், கூடியவரையில் தாய்மொழியிலேயே போதனை நடக்கவேண்டுமென்கிறது. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லியும் நாம் செய்திருப்பதென்ன? அந்நிய ஆட்சியில் உயர்தரப் பாடசாலையில் எழுந்த சுவரை, சுதந்தர நாட்டில் மூன்று வயதுக் குழந்தையின் முன்னாலேயே எழுப்பியிருக்கிறோம். கிராமத்துப் பெற்றோரும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, குழந்தையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே உபாத்தியாயினிக்கும் அந்தப் பாஷை சரளமாக வருவதில்லை, குழந்தைக்கும் வருவதில்லை. ஆகவே இருவரும் புத்தகத்திலுள்ள வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். தன் ஐயத்தைச் சொல்ல வார்த்தையில்லாத குழந்தைக்கு, நாளடைவில் ஐயமே எழாமற் போகிறது. இதைவிடக் கொடிய வாய்ப்பூட்டு வேறென்ன?

ஆங்கிலம் வேண்டாமென்பது நமது அபிப்பிராயமன்று. ஆங்கிலத்தை ஒரு பாஷையாக நன்றாகக் கற்பிக்கட்டும். பேசவும் எழுதவும் பழக்கட்டும். மற்றப் பாடங்களை அறியாத பாஷையில் சொல்வதால் அப்பாடங்களும் வருவதில்லை, அப்பாஷையும் வருவதில்லை என்பதே நாம் சொல்வது.

தமிழ் வழியில் போதிக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடப் புத்தகத்தின் செந்தமிழும் குழந்தையின் வீட்டுத் தமிழும் ஒன்றல்ல. முதல் வகுப்புக்கு வரும் குழந்தை, தன் தாய் பேசும் சொற்களைக் கொண்டு பேசும்போது அதைக் கேலி செய்து திருத்துபவர், பாஷையைத் திருத்தவில்லை, வாயை மூடுகிறார். முதலில் குழந்தை பேசட்டும். பிறகு நல்ல நடை வரும். மலைவாழ் மக்களின் குழந்தைகளும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து கட்டட வேலையிலும் ஆலைகளிலும் உழைப்பவர்களின் குழந்தைகளும் இன்று நமது பாடசாலைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நமது தமிழே ஒரு சுவர். நமக்கு அந்நிய பாஷையால் நேர்ந்த துன்பத்தை அறிந்த நாம், அக்குழந்தைகளின் துன்பத்தை அறியாதவர்போல இருப்பது நியாயமாகாது.

இனி, வகுப்பில் உபாத்தியாயர் இன்றே செய்யக்கூடிய, காசு செலவில்லாத காரியங்கள் சிலவற்றைச் சொல்வோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார், உபாத்தியாயர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். பெரும்பாலோர் ஒரு விநாடியளவே காத்திருந்தார்கள்; அதற்குள் விடை வராவிட்டால் தாமே சொன்னார்கள், அல்லது வேறொருவரைக் கேட்டார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணாக்கரின் விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாதவர்களும் பேசினார்கள். மாணாக்கர் கேட்கும் கேள்விகளும் பெருகின. 1974-ல் அம்மையார் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். சர்க்கார் உத்தரவு வேண்டாம், கட்டடம் வேண்டாம், யந்திரங்கள் வேண்டாம். இரண்டு விநாடிப் பொறுமை போதும். முன்வரிசையில் கை தூக்கும் நால்வரோடு பாடத்தை முடித்துக்கொள்ளாமல், பின்வரிசையிலிருப்பவள் வாய் திறக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அது. 'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டு, 'நீ புரிந்துகொண்டதை உன் வார்த்தையில் சொல்' என்று கேட்டால், தாம் சொன்னது எங்கே சென்று சேர்ந்தது, எங்கே வழி தவறிற்று என்பது அந்த நிமிஷமே உபாத்தியாயருக்குத் தெரிந்துவிடும். தவறான விடையை நகைத்துத் தள்ளாமல், 'ஏன் அப்படி நினைத்தாய்?' என்று கேட்பவரே வைத்தியர். தவறு என்பது நோயின் அறிகுறி. அதை மறைக்கச் செய்தால் சிகிச்சை ஏது?

மாணாக்கருக்கு மாணாக்கரே சொல்லிக்கொடுப்பதும் நமக்குப் புதிதன்று. சென்னை எழும்பூரிலிருந்த சிறுவர் அநாதாசிரமத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். தேர்ந்த பிள்ளைகளைக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் செய்தார். 1797-ல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலினால் அம்முறை இங்கிலாந்தில் பரவி, 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக் கொள்ளுங்கள். திண்ணைப் பள்ளியின் குற்றங்களை நாம் மறைக்க விரும்பவில்லை. அங்கே உருப்போடுதலும் கொடிய தண்டனைகளும் இருந்தன. தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. அக்குற்றங்களைக் களைந்து நல்லதைக் கொள்ளவேண்டியிருக்க, நாம் உருப்போடுதலை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டோம். இன்றைய வகுப்பில் பக்கத்துப் பையனோடு பாடத்தைப் பற்றிப் பேசுபவனும் 'பேசினவர்' பட்டியலில் சேர்ந்துவிடுகிறான்!

பழியை முழுவதும் உபாத்தியாயர் தலையில் சுமத்துவது நமது நோக்கமன்று. அவர் வாயும் பூட்டப்பட்டிருக்கிறது. ஆரம்பப் பாடசாலையில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் உபாத்தியாயர் என்பது சட்டத்தின் கணக்கு. ஆனால் ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்புகளையும் ஓரறையில் வைத்துக்கொண்டு மன்றாடும் பாடசாலைகள் நாட்டில் இன்னும் இருக்கின்றன. ஜனக்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைகளில் அவரை ஈடுபடுத்தலாகாதென்று சட்டம் சொல்லியும், புள்ளிவிவரம் நிரப்புவதிலேயே அவருடைய பொழுது கழிகிறது. பாடத் திட்டத்தை முடித்தாயிற்றா என்று கேட்கும் மேலதிகாரிகள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று ஒருநாளும் கேட்பதில்லை. புத்தகத்தின் வாக்கியத்தை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் பரீட்சை இருக்கும்வரை, மாணாக்கனைச் சொந்த வார்த்தையில் பேசவைக்கும் உபாத்தியாயர் காலத்தை வீணாக்குபவர் என்றே கருதப்படுவார். தம் மேலதிகாரியின் எதிரில் வாய் திறக்க அஞ்சும் உபாத்தியாயர், தம் எதிரில் குழந்தைகள் அஞ்சாமல் பேசவேண்டுமென்று எங்ஙனம் விரும்புவார்? கல்வி இலாகாவே முதலில் தன் உபாத்தியாயர்களின் குறைகளுக்குச் செவி கொடுக்கட்டும்.

பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் தொண்டர்களுக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் அக்குழு கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறது. தொண்டர்கள் அப்பெற்றோரைக் கூட்டட்டும். சுவருக்கு வெள்ளையடித்தாயிற்றா என்று கேட்பதோடு நில்லாமல், எங்கள் பிள்ளைகள் வகுப்பில் பேசுகிறார்களா, அடி விழுகிறதா, உபாத்தியாயருக்கு என்ன இடையூறு என்றும் கேட்கச் செய்யட்டும். மாலையில் வீடு திரும்பும் குழந்தையை, எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் தகப்பனார், இன்று நீ என்ன கேள்வி கேட்டாய் என்றும் ஒருமுறை கேட்கட்டும். ஒன்றும் கேட்கவில்லை என்ற விடை நாள்தோறும் வருமானால், குறை குழந்தையிடம் இல்லை என்பதை அவர் உணரட்டும்.

இது பாடசாலையோடு முடிந்துபோகும் விஷயமென்று எவரும் எண்ணவேண்டாம். கிராம சபை கூடுகிறது, கணக்கு வாசிக்கப்படுகிறது, "சம்மதமா?" என்று தலைவர் கேட்கிறார், கூடியிருப்போர் தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பு எங்கே கற்கப்பட்டது? "புரிந்தது, சார்!" என்று கூவிய வகுப்பில் கற்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டி வளர்த்த பிள்ளையிடம், பதினெட்டு வயதில் வோட்டுச் சீட்டைக் கொடுத்து, அதிகாரத்தில் இருப்போரைத் தைரியமாகக் கேள்வி கேள் என்றால் அவன் எப்படிக் கேட்பான்? பேச்சுரிமை அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நா வகுப்பறையில்தான் உருவாகவேண்டும். சட்டங்கள் பூட்டிய வாய்ப்பூட்டை நம் முன்னோர் சிறை சென்று உடைத்தார்கள். இந்த வாய்ப்பூட்டை உடைக்க எவரும் சிறை செல்லவேண்டியதில்லை. உபாத்தியாயர் கேட்கவேண்டும், கேட்டபின் காத்திருக்கவேண்டும், குழந்தைக்குத் தெரிந்த பாஷையில் பேசவேண்டும், அது சொல்வதற்குச் செவி சாய்க்கவேண்டும். அதற்கு வேண்டிய ஓய்வையும் வசதியையும் உபாத்தியாயருக்கு அளிக்கச் சர்க்காரும் சமூகமும் முன்வரவேண்டும். நாளைக் காலையில் மணி அடிக்கும்போதே இதைத் தொடங்கலாம்.